இன்சுலின் தேவை குறையும் மாதங்கள்

ஒரு குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது பெரும்பாலும் உடல் தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது. சில வாரங்களாக அடங்காத தாகம், இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை உருகுவது, கடைசியில் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 400, 500 என்று நிற்கும். அன்றே இன்சுலின் தொடங்கிவிடுவார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 15 முதல் 20 யூனிட் வரை தேவைப்படலாம். சில வாரங்கள் போகின்றன. எடை திரும்புகிறது, முகம் தெளிகிறது. அப்போது வீட்டில் யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது: அதே அளவு இன்சுலினுக்குச் சர்க்கரை 60க்கும் கீழே இறங்கத் தொடங்குகிறது. மருத்துவர் அளவைக் குறைக்கிறார். 12, 8, 6 யூனிட் என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. அப்படியும் சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. இந்தக் கட்டத்தைத்தான் மருத்துவர்கள் தேனிலவுக் காலம் என்கிறார்கள்.

அந்த மாதங்களில் பெற்றோர் மனத்தில் எழும் கேள்விகளை எளிதில் ஊகிக்கலாம். ‘வாழ்நாள் முழுக்க ஊசி’ என்று கேட்டு இடிந்துபோனவர்களுக்கு, யூனிட் குறையக் குறைய நம்பிக்கை வளர்கிறது. முதலில் சொன்ன நோயே தவறோ? கஷாயம் வேலை செய்கிறதோ? அரிசிச் சோற்றை நிறுத்தியதால்தான் குணமாகிறதோ? வேண்டுதல் பலித்துவிட்டதோ? இந்தக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தினமும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பவர்கள் அவர்கள். கண்ணால் கண்டதை வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த முடிவில் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. நோய் விலகியதால் இன்சுலின் தேவை குறையவில்லை. இன்சுலின் தன் வேலையைச் செய்ததால்தான் குறைகிறது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான். இது விளங்கிவிட்டால் அந்த மாதங்களில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

கணையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் செல் திட்டுகளை 1869இல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதன்முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அவை வழங்குகின்றன. அந்தத் திட்டுகளிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப் 1 நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே இந்தச் செல்களை அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. இந்தத் தாக்குதல் ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தில் தொடங்கியதல்ல. பல மாதங்கள், பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் ரத்தத்தில் தென்படும் முதல் அடையாளம், சொந்தத் திசுவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள். குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான கணக்கு ஒன்று, இத்தகைய எதிர்ப்பொருள்கள் இரண்டோ அதற்கு மேலோ தோன்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டதைக் காட்டியது. அதாவது, தாகமும் மேல்மூச்சும் நோயின் தொடக்கம் இல்லை. வெகுநாள் சத்தமின்றி நடந்த இழப்பு ஒரு வரம்பைத் தாண்டிவிட்டது என்பதையே அவை அறிவிக்கின்றன.

அந்த வரம்பைத் தாண்டும் நாளில்கூட எல்லா பீட்டா செல்களும் அழிந்துவிடுவதில்லை. எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிறு குழந்தைகளிடம் குறைவு, வளர்ந்தவர்களிடம் கூடுதல். மிஞ்சியவை ஏன் ஓரளவேனும் இன்சுலின் தரவில்லை? பத்துப் பேர் இறங்க வேண்டிய நாற்றங்காலில் இரண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டால், அவர்கள் இருவருக்கு உரிய வேலையையும் முடிக்காமல் சுருண்டுவிடுவார்கள். மிஞ்சிய பீட்டா செல்களின் நிலையும் அதுதான். இரவும் பகலும் உயர்ந்தே நிற்கும் குளுக்கோஸ் அவற்றை ஓயாமல் தூண்டுகிறது. சேமிப்பு தீர்ந்து, சுரக்கும் திறனே மங்கிவிடுகிறது. இதை குளுக்கோஸ் நச்சுத்தன்மை என்பார்கள். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. உயர் சர்க்கரையும், ரத்தத்தில் பெருகும் கொழுப்பு அமிலங்களும், நோயின் அழுத்தத்தால் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்து, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நிலையை உண்டாக்குகின்றன. 1986இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் இதை நேரடியாக அளந்து காட்டினார்கள்: நோய் தெரிந்த புதிதில் உடல் இன்சுலினை ஏற்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது, சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் அது இயல்புக்குத் திரும்பியது. ஆக, அந்த முதல் வாரத்தில் சுரப்பும் குறைவு, சுரந்ததின் பலனும் குறைவு. ஊசி வழியாக வரும் இன்சுலின் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்கிறது. சர்க்கரை இறங்கியதும் செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. உடலும் இன்சுலினுக்கு இணங்குகிறது. மிஞ்சிய செல்கள் தங்கள் பங்கைத் திரும்பச் செய்யத் தொடங்குகின்றன. வெளியிலிருந்து தர வேண்டியது அந்த அளவுக்குக் குறைகிறது.

இது வெறும் ஊகமாக நிற்காததற்குக் காரணம் சி-பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டு. பீட்டா செல் இன்சுலினை நேரடியாகத் தயாரிப்பதில்லை. முதலில் புரோஇன்சுலின் என்ற ஒரே நீளச் சங்கிலியை உருவாக்குகிறது. இதை 1967இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் கண்டுபிடித்தார். அந்தச் சங்கிலி மடிந்து, இரு முனைகளும் ஒன்றோடொன்று பிணைந்த பிறகு, நடுத்துண்டு வெட்டப்படுகிறது. இரு முனைகளும் சேர்ந்தது இன்சுலின். வெட்டப்பட்ட நடுத்துண்டு சி-பெப்டைடு. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கின்றன. மருந்தாக விற்கும் இன்சுலினில் இந்த நடுத்துண்டு கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்பவரின் ரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால், அது முழுக்க முழுக்க அவருடைய சொந்தக் கணையம் தந்தது. கல்லீரல் இன்சுலினில் பாதியளவை முதல் சுற்றிலேயே உறிஞ்சிவிடும். சி-பெப்டைடை அது அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால் அளவீடும் நம்பகமானது. 1973இல் அதே சிகாகோ குழுவினர் புதிதாக நோய் கண்டவர்களைத் தொடர்ந்து சோதித்தார்கள். இன்சுலின் தேவை குறைந்தபோது சி-பெப்டைடு உயர்ந்தது. தேவை மீண்டும் ஏறியபோது அது சரிந்தது. மிஞ்சிய செல்கள் விழித்துக்கொண்டதும், பின்னர் ஓய்ந்ததும் அந்த எண்களில் அப்படியே பதிவாயின.

இன்னும் நெருக்கமான சான்று நார்வேயிலிருந்து வந்தது. புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட ஆறு பெரியவர்கள், தங்கள் கணையத்தின் வால் பகுதியிலிருந்து சிறு துண்டை ஆய்வுக்குத் தர முன்வந்தார்கள். எடுத்த திசுவிலிருந்து லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைப் பிரித்து, சர்க்கரை மிகாத வளர்ப்புத் திரவத்தில் ஆய்வாளர்கள் வைத்தார்கள். முதலில் குளுக்கோஸைக் கொடுத்தபோது அவற்றில் பல சரியாக இன்சுலின் சுரக்கவில்லை. ஆனால் சில நாள்கள் அந்தத் திரவத்தில் இருந்த பிறகு, அவற்றின் சுரப்பு கணிசமாக மீண்டது. 2015இல் வெளியான இந்த முடிவு ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியது: செயலிழந்த செல் எல்லாமே செத்த செல் அல்ல, நோயுற்ற சூழலிலிருந்து எடுத்துவிட்டால் அது மீளும். தேனிலவுக் காலத்தில் குழந்தையின் உடலுக்குள் இன்சுலின் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். இந்த ஆய்வுக்கு ஒரு விலையும் இருந்தது. அறுவையால் சிலருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டதால் ஆறு பேரோடு அது நிறுத்தப்பட்டது. இந்த அறிவு அவர்களுடைய உடலிலிருந்து நமக்குக் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது.

தேனிலவுக் காலத்தை எப்படி அளப்பது? வெறும் இன்சுலின் அளவை வைத்துச் சொன்னால் தவறு நேரும். போதிய ஊசி போடாத குழந்தைக்கும் அளவு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சர்க்கரை எகிறியிருக்கும். அதனால் 2009இல் பல நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து ஓர் எளிய கணக்கை முன்வைத்தார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி விழுக்காட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்பதை நாலால் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். விடை 9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பகுதித் தணிவு, அதாவது தேனிலவுக் காலம். 20 கிலோ குழந்தைக்கு 6 யூனிட் என்றால் கிலோவுக்கு 0.3, நாலால் பெருக்கினால் 1.2. ஹெச்பிஏ1சி 6.4 என்றால் மொத்தம் 7.6, ஆகவே குழந்தை தணிவில் இருக்கிறது. அதே குழந்தை வளர்ந்து 25 கிலோவாகி, 20 யூனிட் போட்டும் ஹெச்பிஏ1சி 7.5 என்றால் விடை 10.7, தணிவு முடிந்துவிட்டது. இந்த அளவுகோலில் பார்த்தால் பாதிக் குழந்தைகளுக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் பகுதித் தணிவு வருகிறது. பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் அது தொடங்கும். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் நீடிக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும், ரத்தம் அமிலமாகிக் கவலைக்கிடமான நிலையில் வந்து சேர்ந்தவர்களுக்கும் அது வராமலே போகலாம், அல்லது சீக்கிரம் முடியலாம். இன்சுலினே வேண்டாத முழுத் தணிவு மிக அரிது. தணிவு வராத குழந்தையின் பெற்றோர் தாங்கள் எங்கேயோ தவறிவிட்டோம் என்று நொந்துகொள்ளத் தேவையில்லை. நோய் தெரிந்த நாளில் எத்தனை செல்கள் மிஞ்சியிருந்தன என்பது யார் கையிலும் இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். நாளுக்கு இரண்டு, மூன்று யூனிட்டில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றால், அந்த இரண்டு யூனிட்டையும் நிறுத்திப் பார்த்தால் என்ன? கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆனால் தணிவு என்பது ஒரு சமநிலை. செல்கள் தருவதும் ஊசி தருவதும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. ஊசியை எடுத்துவிட்டால் சுமை முழுவதும் மிஞ்சிய செல்கள் மேல் விழும். இரண்டு நாள் காய்ச்சல் வந்தாலே உடலின் இன்சுலின் தேவை ஏறிவிடும். அதை ஈடுகட்ட அவற்றிடம் கையிருப்பு இல்லை. அப்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன்கள் பெருகி, ரத்தம் அமிலமாகும். இது நாள்கணக்கில், சில வேளைகளில் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது. எந்த வாரத்தில் செல்கள் கைவிடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் தணிவிலும் சிறு அளவு இன்சுலினைத் தொடரச் சொல்கிறார்கள். நிறுத்தியதன் விலையை உலகம் பார்த்திருக்கிறது. 2015இல் சிட்னியில், உடலைத் தட்டித் தட்டி நோய் தீர்ப்பதாகச் சொன்ன பயிலரங்கு ஒன்றுக்குப் போன டைப் 1 சிறுவன் ஒருவன், இன்சுலின் நிறுத்தப்பட்டதால் இறந்தான். அதை நடத்தியவரை 2019இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ‘ஊசியில்லாமல் குணம்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு தேனிலவுக் காலம்தான் பெரும் துணை. அந்த மாதங்களில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் சர்க்கரை இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது மறுப்பு, நம் ஊரில் அதிகம் கேட்பது: எடையைக் குறைத்துச் சர்க்கரை நோயிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறார்களே, அது எப்படி? இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இருந்தது டைப் 2. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்திய டைரக்ட் ஆய்வில் 306 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் தணிவில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 4 விழுக்காடு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் தணிவு கண்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அங்கே பீட்டா செல்லை முடக்கியது கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு. கொழுப்பு கரைந்தால் காரணம் அகல்கிறது. டைப் 1இல் காரணம் நோயெதிர்ப்பு மண்டலம். பட்டினி போட்டாலும் எடை குறைந்தாலும் அது தாக்குவதை நிறுத்தாது. டைப் 1 குழந்தைக்குப் பட்டினி போட்டுச் சர்க்கரையைக் குறைப்பது இன்சுலினுக்கு முந்திய காலத்தின் வழக்கம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் முதல் ஊசி போடப்படும் வரை, அந்தச் சிகிச்சையால் குழந்தைகள் சில மாதங்கள், சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எலும்பும் தோலுமாக வாழ்ந்து இறந்தார்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கை விட்டுவிடக் கூடாது. தணிவு என்று நினைத்தது ஆண்டுக்கணக்கில் நீண்டு, சி-பெப்டைடும் குறையாமல், எதிர்ப்பொருள் பரிசோதனைகளும் இல்லை என்று வந்தால், முதலில் சொன்ன டைப் 1 என்ற முடிவையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் சர்க்கரை நோய்கள் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் தோன்றும் சர்க்கரை நோயில் ஒரு பகுதி, பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயில் ஒன்றில் உள்ள பிழையால் வருவது என்று 2004இல் தெரிந்தது. அவர்களில் பலர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது. இதற்கான மரபணுப் பரிசோதனை சென்னையிலும் செய்யப்படுகிறது. பெற்றோரின் ‘நோயறிதல் தவறோ’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இங்கே கிடைக்கிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது பரிசோதனைதான். ஊசியை நிறுத்திப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது, ஆபத்தையே வரவழைக்கும்.

மூன்றாவது மறுப்புதான் என் வாதத்தை நேராகத் தொடுவது. இன்சுலின் தந்த ஓய்வால்தான் செல்கள் மீண்டன என்றால், இன்னும் நன்றாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி ஓய்வை நீட்டினால் தேனிலவும் நீண்டுகொண்டே போக வேண்டுமே? இதை பிரிட்டனில் சோதித்தார்கள். புதிதாக டைப் 1 கண்ட 97 இளையோரில் ஒரு பிரிவினருக்கு, சர்க்கரையை உணர்கருவி தொடர்ந்து அளக்க, பம்ப் தானே இன்சுலின் அளவைச் சரிசெய்யும் கருவியைத் தொடக்கத்திலேயே தந்தார்கள். அவர்களுடைய சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி, சி-பெப்டைடு மற்றப் பிரிவினருக்கு இருந்த அதே வேகத்தில்தான் குறைந்தது. இது ஓய்வுக் கருத்தைப் பொய்யாக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. ஓய்வு களைத்த செல்லை எழுப்பும். தாக்குதலுக்கு உள்ளாகும் செல்லைக் காப்பாற்றாது. தணிவு தொடங்குவது ஓய்வால், முடிவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலால். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அதனால் தேனிலவு முடிந்தபோது ‘நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ’ என்று எந்தக் குடும்பமும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

தாக்குதலையே தடுத்தால் தணிவு நீளுமா என்ற கேள்விக்கும் சான்று உண்டு. 1980களில் பிரான்சில், உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தரும் சைக்ளோஸ்போரினைப் புதிதாக நோய் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் இன்சுலினே இல்லாமல் பல மாதங்கள் இருந்தார்கள். ஆனால் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறுத்தியதும் பலன் மறைந்தது. ஆனாலும் டைப் 1 நோயின் வேர் எங்கே என்பதை மனிதரில் நிரூபித்த முதல் சான்றுகளில் அது ஒன்று. அடுத்த தலைமுறை மருந்தான டெப்லிசுமாப், நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. நோய் வெளிப்படும் முன்பே 14 நாள் கொடுத்தபோது, நோய் தெரியவரும் காலத்தின் இடைநிலை அளவு ஏறத்தாழ 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீண்டது என்று 2019 ஆய்வு காட்டியது. 2022 நவம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது. ஒரு முறைச் சிகிச்சையின் விலை ஏறத்தாழ 1,94,000 டாலர் என்று அறிவித்தார்கள். நோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தபோது சி-பெப்டைடு கூடுதலாக மிஞ்சியது. ஆனால் ஹெச்பிஏ1சியில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மூட்டுவாதத்துக்குத் தரும் பாரிசிட்டினிப் மாத்திரையும் ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 48 வாரங்கள் சுரப்பைக் காத்தது. ரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாக வழங்கும் மலிவான வெராப்பமில் மாத்திரை, ஓராண்டு முடிவில் சி-பெப்டைடை 30 விழுக்காடு கூடுதலாக வைத்திருந்தது. இவை எதுவும் வீட்டில் தாமே தொடங்கத் தக்கவை அல்ல. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே காலத்தைக் குறிவைக்கின்றன: செல்கள் இன்னும் மிஞ்சியிருக்கும் இந்த மாதங்களை. மிஞ்சியது தீர்ந்த பிறகு காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

எப்படியும் முடியப் போகிற ஒன்றை ஏன் இவ்வளவு பேண வேண்டும் என்று கேட்கலாம். 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில், சொந்தச் சுரப்பு ஓரளவு மிஞ்சியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு முன்னேறுவதும், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவதும் கணிசமாகக் குறைவாக இருந்தன. ஊசி இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை இறங்கினாலும் தன் வேலையை நிறுத்தாது. சொந்த செல்லோ சர்க்கரை இறங்கினால் உடனே சுரப்பை அடக்கிவிடும். சிறு அளவு சுரப்பு மிஞ்சினாலும் அது இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. பாஸ்டனின் ஜாஸ்லின் மையம் 50 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலினோடு வாழ்ந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பலரின் ரத்தத்தில் அப்போதும் சி-பெப்டைடு தென்பட்டது. தேனிலவு முடிவது இன்சுலின் தேவை ஏறுவதைக் குறிக்கும். கடைசி செல்லும் போய்விட்டதைக் குறிக்காது.

எனவே அந்த மாதங்களில் செய்ய வேண்டியது இதுதான். சர்க்கரை இறங்கிப்போவதுதான் அப்போதைய உடனடி ஆபத்து என்பதால், அளவை மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அரை யூனிட் அளவில் போட உதவும் பேனாக்கள் இப்போது கிடைக்கின்றன. 15 கிலோ குழந்தைக்கு அரை யூனிட்டே பெரிய வேறுபாடு. விரலில் சோதிப்பதையும், உணவின் மாவுச்சத்தைக் கணக்கிடுவதையும், காய்ச்சல் நாள்களில் கீட்டோன் பார்ப்பதையும் நிதானமாகப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடைக்காது. சிறு பிழைகளை மிஞ்சிய செல்கள் பொறுத்துக்கொள்ளும். பெரியவர்களிடம் வேறொரு கவனமும் தேவை. வயதில் முதிர்ந்தவருக்கு வரும் டைப் 1 மெதுவாக நகர்வதால், டைப் 2 மலிந்த நம் ஊரில் அது டைப் 2 என்றே கருதப்பட்டு, மாத்திரையிலேயே மாதங்கள் கடந்துவிடுவதுண்டு. மெலிந்த உடலும் விரைந்த எடை இழப்பும் உள்ள ஒருவருக்கு எதிர்ப்பொருளும் சி-பெப்டைடும் பார்ப்பது அந்தத் தாமதத்தைத் தடுக்கும்.

கடைசி மறுப்பு மருத்துவத்தைவிட மனத்தைப் பற்றியது. தளர்ந்திருக்கும் பெற்றோரிடம் ‘இது தற்காலிகம்’ என்று முதல் வாரத்திலேயே சொல்வது, கிடைத்த சிறு ஆறுதலையும் பறிப்பதாகாதா? நான் அப்படி நினைக்கவில்லை. குழந்தைகள் சர்க்கரை நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிடும்படிதான் அறிவுறுத்துகின்றன. சொல்லாமல் விட்டால், யூனிட் ஏறும் நாளில் அந்தக் குடும்பம் இரண்டாவது முறை இடிந்துபோகும். அதற்குள் யாரேனும் ஊசியை நிறுத்தச் சொல்லியிருந்தால் இழப்பு இன்னும் பெரிது. சொல்லிவிட்டால், அளவு ஏறுவது எதிர்பார்த்த ஒரு நிகழ்வாகிவிடும். குழந்தை வளர்வதைப் போல அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நகர்வார்கள். தணிவு தரும் உண்மையான நம்பிக்கை இன்சுலினிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது என்பது அல்ல. தன் குழந்தையின் கணையத்தில் காப்பாற்றத் தக்க செல்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றைக் காக்கும் வழிகளை மருத்துவம் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டிருக்கிறது, அதுவரை அவற்றுக்குத் துணை நிற்கும் மருந்து கையில் இருக்கிறது என்பதே அது. இந்த மூன்றையும் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ புரியும் மொழியில், முதல் ஊசி போடும் வாரத்திலேயே சொல்லிவிடுவது ஒவ்வொரு மருத்துவமனையின் கடமை. அதற்குக் கால் மணி நேரம் போதும்.